பிள்ளைக்கான ஜீவனாம்சம்: பேசித் தீர்ப்பதா, இலவச சட்ட உதவியா, சொந்த வழக்கறிஞரா?

என் தங்கை இரண்டு பிள்ளைகளோடு எங்கள் வீட்டுக்கு வந்து ஏழு மாதம் கழித்துத்தான் ஜீவனாம்ச மனு போட்டோம். முதல் இரண்டு மாதம் பெரியவர்களை வைத்துப் பேசினோம். ஒரு முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்தும் வாங்கினோம். இரண்டு மாதம் பணம் வந்தது, அப்புறம் நின்றது. "இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம்", "எந்த வக்கீலிடம் போவது", "எவ்வளவு ஆகுமோ" என்றே மீதி நாள் போனது. பராமரிப்புத் தொகை மனு போட்ட தேதியிலிருந்துதான் கணக்காகும் என்று எங்களுக்கு அப்போது யாரும் சொல்லவில்லை. வராமல் போன அந்த ஐந்து மாதத் தொகை கடைசி வரை வரவில்லை. பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கு அம்மாவின் வளையல் அடகுக்குப் போனது அந்த நாட்களில்தான்.

அதன்பின் தெரிந்தவர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று பலர் என்னிடம் கேட்பது ஒரே கேள்வி: பேசி முடிக்கலாமா, இலவச சட்ட உதவியை நம்பலாமா, காசு கொடுத்து வக்கீல் வைக்க வேண்டுமா, நாமே கோர்ட்டில் நிற்க முடியுமா? இந்தியச் சட்டத்தையும் தமிழ்நாட்டு நடைமுறையையும் வைத்து இந்த நான்கையும் இங்கே எடை போடுகிறேன். நான் வழக்கறிஞர் இல்லை. தங்கையோடு ஒவ்வொரு வாய்தாவுக்கும் போய் உட்கார்ந்திருந்தவள்.

## தேர்வுக்கு முன் தெரிய வேண்டிய சட்டம்

ஜீவனாம்சம் கேட்க வழி தரும் பிரிவு முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-வது பிரிவாக இருந்தது, 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-வது பிரிவு. கோர்ட் வளாகத்தில் இன்னும் பலர் "ஒன் ட்வென்டி ஃபைவ்" என்றுதான் சொல்வார்கள். இரண்டும் ஒன்றுதான், குழம்ப வேண்டாம். எந்த மதத்தவரும் இதன்படி கேட்கலாம். முஸ்லிம் பெற்றோரின் பிள்ளைகளுக்கும் இந்த உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1997-லேயே சொல்லிவிட்டது. பெற்றோருக்குத் திருமணம் நடந்ததா இல்லையா என்பதும் பிள்ளையின் உரிமையைத் தடுக்காது. விவாகரத்து வழக்கு போட்டிருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

குடும்ப நல நீதிமன்றம் உள்ள இடத்தில் மனு அங்கே போகும், இல்லாத இடத்தில் நீதித்துறை நடுவர் முன். வழக்கு முடியும் வரை காத்திராமல் இடைக்கால ஜீவனாம்சம் கேட்கலாம். எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து முடிந்தவரை 60 நாளுக்குள் அதை முடிக்க வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் அதற்கு மேலும் இழுக்கும். ஆனால் இடைக்கால மனுவே போடாதவர்களுக்கு அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

2020 நவம்பரில் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். அதன் பலனாக இரண்டு விஷயம் நடந்தது. ஒன்று, ஜீவனாம்சம் மனு தாக்கல் செய்த தேதியிலிருந்து கொடுக்கப்பட வேண்டும். இரண்டு, இரு தரப்பும் சம்பளம், சொத்து, கடன், மாதச் செலவு எல்லாவற்றையும் சத்தியப் பிரமாணப் பத்திரத்தில் எழுதித் தாக்கல் செய்ய வேண்டும். அதில் பொய் சொன்னால் அதற்கே தனியாக நடவடிக்கை எடுக்கக் கேட்கலாம்.

தொகைக்கு இத்தனை சதவீதம் என்ற கணக்கு சட்டத்தில் இல்லை. ஒரு காலத்தில் 500 ரூபாய் உச்சவரம்பு இருந்தது, 2001-ல் அதை எடுத்துவிட்டார்கள். கொடுப்பவரின் வருமானம், பிள்ளையின் தேவை, அதுவரை பிள்ளை வாழ்ந்த தரம் ஆகியவற்றை வைத்து நீதிபதி முடிவு செய்வார். தாயும் சம்பாதித்தால் பொறுப்பு இருவருக்கும் வருமானத்துக்கு ஏற்பப் பிரியும். தாய் வேலைக்குப் போகிறாள் என்பதற்காகத் தகப்பனின் பொறுப்பு போய்விடாது.

## எதை வைத்து முடிவு செய்வது

"எது மலிவு" என்று கேட்டால் இலவசம்தான் ஜெயிக்கும், "எது நல்லது" என்று கேட்டால் எல்லோரும் பெரிய வக்கீலைச் சொல்வார்கள். இரண்டு கேள்வியும் உதவாது. நான் கேட்கச் சொல்வது இந்த ஐந்தை:

1. அவருடைய வருமானம் வெளியே தெரிகிறதா? மாதச் சம்பளமா, கையில் புரளும் தொழில் பணமா?
2. இரண்டு பேரும் ஒரே மேசையில் பயமில்லாமல் உட்கார முடியுமா?
3. இன்றைக்குப் போனால் எத்தனை நாளில் மனு எண் கையில் கிடைக்கும்?
4. கட்டணம் தவிர எவ்வளவு போகும்? விடுப்பு எடுக்கும் நாள், பஸ் காசு, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள்.
5. நாளைக்கு அவர் பணம் தராவிட்டால், கையில் இருக்கும் தாளை வைத்து வசூல் செய்ய முடியுமா?

முதல் கேள்வியும் ஐந்தாவதும்தான் பெரியவை. தொகை எவ்வளவு என்பதை முதல் கேள்வி தீர்மானிக்கும், அது வருமா வராதா என்பதை ஐந்தாவது.

| | சமரசம் | இலவச சட்ட உதவி | சொந்த வழக்கறிஞர் | நாமே வாதாடுவது |
|---|---|---|---|---|
| கைக்காசு | மிகக் குறைவு | வழக்கறிஞர் கட்டணம் இல்லை | கட்டம் கட்டமாகப் போகும் | நகல், பயணச் செலவு |
| மனு போடும் வேகம் | பேச்சு நீண்டால் தேதி போகும் | சில நாள் முதல் சில வாரம் | பெரும்பாலும் வேகம் | நம் தயாரிப்பைப் பொறுத்தது |
| வருமானத்தை மறைத்தால் | பலவீனம் | வழக்கறிஞரைப் பொறுத்தது | பலம், நல்லவர் அமைந்தால் | கடினம் |
| பிறகு வசூல் | நீதிமன்றம் வழியாக முடிந்தால் மட்டும் | உத்தரவு கிடைக்கும் | உத்தரவு கிடைக்கும் | உத்தரவு கிடைக்கும் |

## சமரசம்: எங்கே எழுதுகிறீர்கள் என்பதில்தான் எல்லாம்

வீட்டில் பெரியவர்கள் முன் பேசி முத்திரைத்தாளில் எழுதி நோட்டரி முத்திரை வைத்தால் அது உத்தரவு ஆகிவிடும் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். நாங்களும் நம்பினோம். அவர் பணத்தை நிறுத்திய பிறகு அந்தத் தாளோடு கோர்ட்டுக்குப் போனபோதுதான் புரிந்தது, அது ஒரு சான்று மட்டும். அதை வைத்து நேராக வாரண்ட் வாங்க முடியாது, புதிதாக வழக்கு போட்டுத்தான் ஆக வேண்டும்.

அதே ஒப்பந்தத்தைச் சரியான இடத்தில் செய்தால் கதையே வேறு. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு நடத்தும் மக்கள் நீதிமன்றத்தில் முடிந்தால், அந்தத் தீர்வு உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம். அதன்மீது மேல்முறையீடு இல்லை. வழக்கு போடுவதற்கு முன்பேகூட அங்கே மனு கொடுத்து எதிர்த்தரப்பை அழைக்கலாம். வழக்கு போட்ட பிறகு என்றால் நீதிமன்றமே சமரச மையத்துக்கு அனுப்பும். அங்கே பயிற்சி பெற்ற சமரசர் இருப்பார். பேசியது வெளியே போகாது. ஒத்துவராவிட்டால், அங்கே சொன்னதை வழக்கில் உங்களுக்கு எதிராகப் பயன்படுத்தவும் முடியாது. குடும்ப நல நீதிமன்றத்துக்கு முதலில் சமாதானம் செய்ய முயல வேண்டிய கடமையே சட்டப்படி உண்டு.

சமரசத்தால் மட்டும் கிடைக்கும் ஒன்று இருக்கிறது, அதை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை. 144-வது பிரிவில் மகனுக்குத் தொகை 18 வயதோடு நின்றுவிடும். உடல் அல்லது மனக் குறைபாட்டால் தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாத பிள்ளைக்கு மட்டும் விலக்கு. இந்துக் குடும்பங்களில் திருமணமாகாத, சுய வருமானமில்லாத மகள் 18-க்குப் பிறகும் 1956-ம் ஆண்டு இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டத்தின் 20-வது பிரிவின்படி கேட்கலாம். மகனின் கல்லூரிக் கட்டணத்துக்கு அப்படி ஒரு வழி இல்லை. ஆனால் பேசி எழுதும் ஒப்பந்தத்தில் "பட்டப்படிப்பு முடியும் வரை கட்டணத்தில் பாதி" என்று எழுதலாம். நீதிமன்றம் வழியாகக் கையெழுத்துப் போட்டால் அது அவரைக் கட்டுப்படுத்தும். பிள்ளை பத்தாம் வகுப்பைத் தாண்டியிருந்தால் மாதத் தொகையைவிட இந்த ஒரு வரி பெரியதாக இருக்கும்.

எழுதும்போது இவற்றை விடாதீர்கள்: எந்தத் தேதிக்குள், எந்த வங்கிக் கணக்குக்கு, ஆண்டுக்கு எவ்வளவு கூடும், பள்ளிக் கட்டணமும் மருத்துவச் செலவும் மாதத் தொகைக்குள்ளா வெளியேவா, தவணை தவறினால் என்ன. "இனி எப்போதும் எதுவும் கேட்க மாட்டேன்" என்று மொத்தத் தொகைக்குக் கையெழுத்து வாங்குவதும் நடக்கிறது. தாய் தன் பங்கைப் பற்றி என்ன முடிவெடுத்தாலும், பிள்ளையின் ஜீவனாம்ச உரிமையை விட்டுக்கொடுக்கத் தாய்க்கோ தந்தைக்கோ அதிகாரம் இல்லை. அப்படி எழுதினாலும் பிள்ளையின் பேரில் மறுபடி கேட்கலாம்.

மறைந்திருக்கும் செலவு, காலம். "அடுத்த வாரம் சொல்கிறேன்" என்று நாலு முறை கேட்டால் ஒரு மாதத் தொகை போச்சு. அதனால் என் கருத்து: மனுவைப் போட்டுவிட்டுப் பேசுங்கள். மனு போட்டால் கோபப்படுவாரே என்ற தயக்கம் புரிகிறது. ஆனால் உண்மையிலேயே கொடுக்க நினைப்பவர் மனு எண்ணைப் பார்த்து மனம் மாறிவிட மாட்டார்.

சமரசம் பொருந்துவது, அவர் சம்பளம் தெரிந்தவராக, பிள்ளைகளிடம் பாசம் விடாதவராக இருந்து, சண்டை உங்கள் இருவருக்குள் மட்டும் என்றால். அடி, மிரட்டல் இருந்த வீடாக இருந்தால் ஒரே மேசையில் உட்காராதீர்கள். சமரசர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், பயத்தில் இருப்பவர் தொகையைத் தானே குறைத்துச் சொல்லிவிடுவார். இதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

## இலவச சட்ட உதவி: பெண்ணுக்கும் பிள்ளைக்கும் வருமான வரம்பு இல்லை

"நான் வேலைக்குப் போகிறேன், எனக்கு எப்படி இலவசம் கிடைக்கும்?" என்று கேட்கிறார்கள். 1987-ம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-வது பிரிவு பெண்களையும் குழந்தைகளையும் தனி வகையாகச் சேர்த்திருக்கிறது. உங்கள் சம்பளம் என்ன என்பது அங்கே கேள்வியே இல்லை. பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அதேபோலத்தான். மற்ற ஆண்களில் பெரும்பாலோருக்கு ஆண்டு வருமான வரம்பு பார்ப்பார்கள். பிள்ளைகளைத் தனியாக வளர்க்கும் தகப்பன்களுக்கு ஒரு சேதி: குழந்தையும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. சம்பாதிக்கும் தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொகை கேட்கும்போது, பிள்ளையின் பேரில் உதவி கேட்டு விண்ணப்பிக்கலாம்.

மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கும், வட்ட அளவில் வட்ட சட்டப்பணிகள் குழு. வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வார்கள். எழுத வராவிட்டால் அங்கே எழுதித் தர ஆள் உண்டு. 15100 என்ற இலவச எண்ணில் கேட்டும் போகலாம். வழக்கறிஞர் மட்டுமில்லாமல் கோர்ட் கட்டணம், நோட்டீஸ் செலவு, டைப்பிங், சான்றிட்ட நகல் எல்லாம் இந்த உதவிக்குள் வரும். ஆணைக்குழு அமர்த்தும் வழக்கறிஞர் உங்களிடம் எந்தப் பெயரிலும் பணம் வாங்கக் கூடாது. "ஃபைலிங் செலவுக்கு மட்டும் கொஞ்சம்" என்று கேட்டால் ஆணைக்குழுச் செயலாளரிடம் எழுத்தில் சொல்லுங்கள். அவர் நீதித்துறை அதிகாரி.

இதன் குறையையும் சொல்லிவிடுகிறேன். ஆணைக்குழு தன் வழக்கறிஞர் பட்டியலில் உள்ளவருக்குத் தரும் கட்டணம் சிறியது. சிலர் சொந்த வழக்கைப் போலவே நடத்துவார்கள், சிலருக்கு உங்கள் வாய்தா கடைசி வேலை. தங்கைக்கு முதலில் கிடைத்தவர் மனுவை அழகாக எழுதிக் கொடுத்தார், ஒரே வாரத்தில் எண் வந்தது. அப்புறம் மூன்று வாய்தாவில் இரண்டுக்கு வரவில்லை. போன் எடுக்கவில்லை. நாங்கள் விதி என்று இருந்துவிடாமல், வராத தேதிகளைக் குறிப்பிட்டு ஒரு பக்கக் கடிதம் கொடுத்தோம். வேறு வழக்கறிஞரை மாற்றித் தந்தார்கள். பட்டியலில் உள்ள ஒருவரின் பெயரைச் சொல்லி அவரே வேண்டும் என்றும் கேட்டுப் பார்க்கலாம். இலவசமாகக் கிடைத்ததால் குறை சொல்லக் கூடாது என்று நினைக்க வேண்டாம், அது சட்டம் கொடுத்த உரிமை.

இந்த வழியின் மறைமுகச் செலவு உங்கள் உழைப்பு. வாய்தா தேதியை நீங்கள்தான் ஞாபகப்படுத்த வேண்டும், ஆவணங்களை நீங்கள்தான் வரிசையாகக் கட்டிக் கொடுக்க வேண்டும். இ-கோர்ட்ஸ் செயலியில் உங்கள் வழக்குக்குரிய 16 எழுத்து சி.என்.ஆர். எண்ணைப் போட்டால் அடுத்த தேதி தெரியும். அதை முதல் நாளே பதிவு செய்துவிடுங்கள்.

அவர் அரசு ஊழியர், கம்பெனிச் சம்பளக்காரர் என்றால் இந்த வழி கிட்டத்தட்ட முழுதாகப் போதும். சம்பளச் சான்றை வரவழைத்தால் பாதி வழக்கு முடிந்தது. அதற்குக் கடன் வாங்கித் தனி வழக்கறிஞர் வைப்பது தேவையில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

## சொந்த வழக்கறிஞர்: எப்போது காசுக்குத் தகுந்த பலன்

தொழில் செய்பவர், கட்டடக் கான்ட்ராக்டர், சொத்தெல்லாம் தம்பி பேரில் வைத்திருப்பவர், வெளிநாட்டில் இருப்பவர் போன்றவர்கள் எதிர்த்தரப்பாக இருந்தால் குறுக்கு விசாரணைதான் வழக்கு. தங்கையின் கணவர் தன்னை தினக்கூலி என்று பிரமாணப் பத்திரத்தில் எழுதினார். ஊருக்கே தெரியும் அவருக்கு இரண்டு லாரி ஓடுகிறது என்று. "ஊருக்கே தெரியும்" என்பது சாட்சியம் ஆகாது. ஜி.எஸ்.டி. பதிவு, வண்டியின் பதிவுச் சான்று, வங்கிக் கணக்கு அறிக்கை, கடன் வாங்கும்போது வங்கியில் காட்டிய வருமானம் இதையெல்லாம் கோர்ட் மூலம் வரவழைத்து, அவரைக் கூண்டில் வைத்து ஒவ்வொன்றாகக் கேட்க அனுபவம் வேண்டும். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்று பார்ப்பது போன்ற ஆரம்ப வேலையை நாமே செய்து கொடுக்கலாம். அதைக் கேள்வியாக மாற்றுவது அவர் வேலை.

கட்டணத்தைப் பேசும்போது "மொத்தமா எவ்வளவு" என்று மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். மனு, இடைக்கால மனு, விசாரணை, வசூல் மனு, மேல்முறையீடு என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் தனிக் கட்டணம் இருக்கலாம். பலர் உத்தரவு வரைக்கும் என்று நினைத்துக் கொடுத்துவிட்டு, பணம் வசூலிக்கும் மனுவுக்கு மறுபடி கொடுக்கிறார்கள். வாய்தாவுக்கு அவரே வருவாரா ஜூனியரை அனுப்புவாரா என்பதையும் கேளுங்கள். கிடைக்கும் ஜீவனாம்சத்தில் இத்தனை சதவீதம் என்று பேரம் பேசினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். வழக்கின் முடிவை வைத்துக் கட்டணம் பேசுவதையும் கிடைப்பதில் பங்கு கேட்பதையும் பார் கவுன்சில் விதிகளே தடுக்கின்றன.

வெற்றுத்தாளில் கையெழுத்து வேண்டவே வேண்டாம். அசல் ஆவணங்களை உங்களிடமே வைத்துக்கொண்டு நகல் கொடுங்கள். அவரை மாற்ற வேண்டி வந்தால், கட்டணப் பாக்கிக்காகக் கேஸ் கட்டைப் பிடித்து வைக்க வழக்கறிஞருக்கு உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2000-ம் ஆண்டில் சொல்லியிருக்கிறது. இது தெரியாமல், பிடிக்காத வழக்கறிஞரோடு வருடக்கணக்கில் இருப்பவர்கள் உண்டு.

இன்னொரு செலவு வழக்குகளின் எண்ணிக்கை. ஜீவனாம்சம் கேட்டுப் போனவரிடம் நாலு வழக்கு சேர்த்துப் போடலாம் என்று யோசனை சொல்வார்கள். சில நேரம் அதற்குத் தேவை இருக்கும். ஆனால் ஒவ்வொன்றும் தனிக் கட்டணம், தனி வாய்தா. இரண்டு சட்டத்தில் ஜீவனாம்சம் கேட்டாலும் ஒன்றில் கிடைத்ததை மற்றதில் கழித்துக்கொள்வார்கள், முதல் வழக்கை மறைக்கவும் கூடாது. "இதில் எது பிள்ளைக்கு முதலில் பணம் கொண்டுவரும்?" என்று கேளுங்கள். பதில் தெளிவாக வராவிட்டால் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள்.

## நாமே வாதாடுவது

குடும்ப நல நீதிமன்றத்தில் வழக்கறிஞர் வைத்துக்கொள்வது உரிமை அல்ல, நீதிமன்ற அனுமதியோடுதான். 1984-ம் ஆண்டு குடும்ப நல நீதிமன்றச் சட்டத்தின் 13-வது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. அதாவது அந்த நீதிமன்றமே நேரில் பேசும் மனிதர்களை எதிர்பார்த்து உருவானது. அனுமதி பெரும்பாலும் கிடைத்துவிடுவதால், எதிரில் வழக்கறிஞர் நிற்பார் என்பதையும் மனதில் வையுங்கள்.

முழு வழக்கையும் தனியாக நடத்த நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். ஆனால் உத்தரவு வந்த பிறகு தவறிய மாதங்களுக்கான வசூல் மனுவைப் பலரால் தாங்களே போட முடியும். உத்தரவின் சான்றிட்ட நகல், எந்தெந்த மாதம் வரவில்லை என்ற பட்டியல், வங்கிப் பாஸ்புக், இவ்வளவுதான் அதற்கு அடிப்படை. ஆனால் ஒரு தொகை கொடுக்க வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனு போட வேண்டும். மரியாதைக்காக இரண்டு வருடம் பொறுத்தவர்களால் முதல் வருடத் தொகையை வாரண்ட் மூலம் கேட்க முடியாமல் போகிறது. மனுவின் பேரில் சொத்தைக் கைப்பற்றலாம், ஒவ்வொரு மாதத் தவறுக்கும் ஒரு மாதம் வரை சிறையும் விதிக்கலாம். சிறைக்குப் போய் வந்ததால் பாக்கி தீராது, பணம் கொடுத்தால்தான் தீரும்.

## வீட்டில் வன்முறை இருந்தால்

மேலே சொன்ன கணக்கு இங்கே மாறும். 2005-ம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தின் 20-வது பிரிவில் பிள்ளைகளுக்கும் சேர்த்துத் தொகை கேட்கலாம். நீங்கள் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரிலேயே மனு போடலாம். அவர் கொடுக்காவிட்டால் அவர் வேலை செய்யும் நிறுவனமே நேராக உங்களுக்கு அனுப்ப நீதிமன்றம் சொல்லலாம். மாதச் சம்பளக்காரருக்கு இது பெரிய பிடி. இந்தச் சட்டத்தின்படி நியமிக்கப்பட்ட பாதுகாப்பு அலுவலர் மனு தயாரிக்க உதவுவார், 181 எண்ணில் அவரிடம் சேர வழி சொல்வார்கள். பாதுகாப்பு உத்தரவும் தொகையும் ஒரே மனுவில் கேட்க முடிவதால், இலவச வழக்கறிஞரும் பாதுகாப்பு அலுவலரும் சேர்ந்த வழியைத்தான் முதலில் சொல்வேன்.

## கொடுக்க வேண்டிய இடத்தில் இருப்பவருக்கு

இதைக் கேட்டு வரும் தகப்பன்களும் உண்டு. அவர்கள் செய்யும் பெரிய தவறு, வேலை போனதும் சத்தமில்லாமல் நிறுத்திவிடுவது. பாக்கி ஏறிக்கொண்டே போகும். சூழ்நிலை மாறினால் தொகையை மாற்றக் கேட்டு அதே சன்ஹிதாவின் 146-வது பிரிவில் மனு போடலாம், அதை வேலை போன மாதமே போடுங்கள். பிள்ளையைப் பார்க்க விடவில்லை என்பதற்காகத் தொகையை நிறுத்தவும் கூடாது. பார்க்கும் உரிமைக்குத் தனி மனு உண்டு. இதே நியாயம் மறுபக்கமும் உண்டு: பணம் தரவில்லை என்பதற்காகப் பிள்ளையைக் காட்டாமல் இருப்பது உங்கள் வழக்குக்கே கெடுதல். நேரில் கையில் கொடுப்பதை விட்டுவிட்டு வங்கி மூலம் அனுப்புங்கள். சம்மன் வந்தும் போகாமல் இருந்தால் ஒருதலைப்பட்சமாக உத்தரவு வரும். அதை ரத்து செய்ய மூன்று மாதத்துக்குள் தகுந்த காரணத்தோடு கேட்க வேண்டும். வருமானம் குறைந்த தகப்பனுக்கும் இலவச சட்ட உதவி உண்டு, தொகையை நேர்மையாகக் கணக்குக் காட்ட அதுவே போதும்.

## வழியை நடுவில் மாற்றலாம்

ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் கடைசி வரை அதுதான் என்று நினைத்துத்தான் பலர் தேர்ந்தெடுக்காமலே இருக்கிறார்கள். நாங்களும் அப்படித்தான் ஏழு மாதத்தைத் தொலைத்தோம். இலவச சட்ட உதவியில் மனுவையும் இடைக்கால மனுவையும் போட்டுவிட்டு, எதிர்த்தரப்பின் பிரமாணப் பத்திரத்தைப் பார்த்த பிறகு தனி வழக்கறிஞர் தேவையா என்று முடிவு செய்யலாம். நடுவில் சமரசத்துக்கும் போகலாம். மனு போட்ட தேதி மட்டும் மாறாது. எனக்கு யாராவது போன் செய்தால் முதலில் சொல்வது, "பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், பள்ளிக் கட்டண ரசீது, மருத்துவ பில், உங்கள் ஆதார் நகல், அவர் வேலை பார்க்கும் இடத்தின் முகவரி, இவ்வளவையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போய்விடுங்கள்" என்பதுதான். மனுவில் தாய்க்குத் தனியாக, ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாகத் தொகை கேட்கச் சொல்லுங்கள். தாயின் பங்கைப் பற்றி எந்த விவாதம் வந்தாலும் பிள்ளையின் பங்கு அதில் சிக்காது.

எங்கள் வழக்கில் இரண்டாவதாக வந்த இலவச வழக்கறிஞர்தான் லாரிகளின் பதிவுச் சான்றை வரவழைத்தார். தினக்கூலி என்ற வாதம் அன்றோடு முடிந்தது. தனி வழக்கறிஞருக்கென்று எடுத்து வைத்த பணத்தில் வளையலை மீட்டோம். இப்போது ஒவ்வொரு மாதமும் 10-ம் தேதி வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வருகிறதா என்று தங்கை பார்க்கிறாள். வராவிட்டால் 11-ம் தேதி காலையிலேயே நோட்டில் மாதத்தையும் தொகையையும் எழுதிவிடுகிறாள். அந்த நோட்டில் இதுவரை மூன்று வரி இருக்கிறது, மூன்றும் வசூலாகிவிட்டது.